ஸ்பானிஷ் படித்தால் சோறு கிடைக்குமா?

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இப்பவே சிரித்துக்கொண்டிருக்கிற அருமைத் தம்பி அவர்களே! வீட்டில் சாதத்தை வடித்து வைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

மேற்படிப்பைத் தீர்மானிக்க வேண்டியது பிள்ளையின் விருப்பமா, பெற்றோரின் அனுபவமா? இதுதானே தலைப்பு? நான் விருப்பத்தின் பக்கம் பேச வந்தவன். எதிரணித் தம்பி இப்போது ஒரு கேள்வி கேட்டார். "விருப்பம் விருப்பம்னு சொல்றீங்களே ஐயா, விருப்பத்தை இலையில போட்டுச் சாப்பிட முடியுமா?" நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை அவருக்கு முன்னாலேயே ஒருத்தர் என் வீட்டு வாசலில் வந்து கேட்டுவிட்டார்.

2023ஆம் வருஷம், கோடை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் என் வீடு. என்னிடம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தமிழ் படித்த பையன், இப்போது சித்திரை வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயா, நீங்கதான் புத்தி சொல்லணும். உள்ளூர்லயே பி.காம். சீட்டு கிடைச்சிருச்சு. நடந்தே போய்ட்டு வரலாம். இவ என்னடான்னா ஸ்பானிஷ் படிக்கிறேன்னு நிக்கிறா. அதுவும் பட்டப்படிப்பா! ஹைதராபாத்ல போயி!"

"ஏன் பாப்பா, இவ்வளவு மொழி இருக்கையில ஸ்பானிஷ் எதுக்கு?" என்றேன்.

பெண் சொன்னாள். பத்தாவது படிக்கும்போது கடைக்கு இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வயதான தம்பதி. கோபுரம் பார்க்க வந்தவர்கள். இங்கிலீஷ் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைக் காட்டி "ஆகுவா, ஆகுவா" என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் செல்போனில் தேடி, தானாகவே ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறாள்.

அப்பா குறுக்கிட்டார். "ஆகுவான்னா தண்ணி. சரி. தண்ணி குடிச்சா பசி ஆறுமா ஐயா? ஸ்பானிஷ் படிச்சா சோறு கிடைக்குமா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் அப்பா பக்கம்தான் சாய்ந்தேன். இந்த மேடையில் விருப்பத்துக்காகப் பேசுகிறவன், வீட்டில் அனுபவத்துக்காகப் பேசினேன். (சிரிப்பு) இரண்டு காரணம். ஒன்று, தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பெண் தமிழை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற வயிற்றெரிச்சல். இன்னொன்று, நம் ஊரில் அயல்மொழி படிக்கிற லட்சணத்தை முப்பது வருஷமாகப் பார்த்தவன் நான்.

அது என்ன லட்சணம்? கல்லூரியில் 'பார்ட் ஒன்' என்று ஒன்று உண்டு, தெரியுமில்லையா? எந்தப் பட்டம் படித்தாலும் முதலில் ஒரு மொழி எடுக்க வேண்டும். தமிழ் எடுக்கலாம், இல்லையென்றால் இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம், அரபி என்று அந்தந்தக் கல்லூரியில் இருப்பதை எடுக்கலாம். எத்தனை பேர் ஆசைப்பட்டு பிரெஞ்சு எடுக்கிறார்கள்? மார்க்குக்காக எடுக்கிறார்கள்! தமிழில் யாப்பிலக்கணம் எழுதினால் எழுபது. அங்கே நாலு வாக்கியம் எழுதினால் தொண்ணூறு. பரீட்சை முடிந்த மறுநாள் மொழியும் முடிந்துவிடும். ஒரு பையனைப் பல வருஷம் கழித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "பிரெஞ்சு படிச்சியே, ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்" என்றேன். தலையைச் சொறிந்தான். "பஸ் எங்க போகுது, போர்டைப் படி" என்றேன். எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படிக்கிறான், தமிழை! பிரெஞ்சும் போச்சு, தமிழும் போச்சு.

அந்தக் கோபத்தில்தான் பெண்ணிடம், "உன் நோட்டைக் கொடு" என்று வாங்கினேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வாங்கினேன். புரட்டப் புரட்ட என் குரல் இறங்கிப் போய்விட்டது.

முதல் பக்கத்தில் 'ஆப்லோ' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தில் 'பேசுகிறேன்'. அடுத்து 'ஆப்லாஸ்', பேசுகிறாய். 'ஆப்லாமோஸ்', பேசுகிறோம். இங்கிலீஷில் 'ஐ', 'யூ', 'வி' என்று முன்னால் ஒரு ஆளை நிறுத்தாமல் வினை நகராது. ஸ்பானிஷில் நம்மைப் போலவே வாலில் இருக்கிறது ஆள். 'வந்தேன்' என்றால் யார் வந்தது? நான்தான். விகுதி சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேனே, அது அங்கே தினப்படிப் பேச்சு.

அடுத்த பக்கம். 'மே குஸ்தா எல் கஃபே.' எனக்குக் காபி பிடிக்கும். அட! 'நான் காபியை விரும்புகிறேன்' என்று எந்த வீட்டிலாவது சொல்கிறோமா? எனக்கு, உனக்கு என்று நான்காம் வேற்றுமையில்தானே பிடிக்கும் நமக்கு? ஸ்பானிஷ்காரனுக்கும் அப்படித்தான் பிடிக்கிறது.

அடுத்தது ஒலி. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். 'கரோ' என்றால் விலை அதிகம். 'கறோ' என்றால் தென் அமெரிக்காவில் பல நாடுகளில் கார். சின்ன ர, பெரிய ற! இந்த வித்தியாசம் நமக்கு எழுத்தில் இருக்கிறது, நாக்கில் பாதிப் பேருக்கு இல்லை. அவர்கள் நாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். ற-வை உருட்டாவிட்டால் 'ஆனால்' என்று சொல்ல வந்தது நாயாகிவிடாது. நாயைக் கூப்பிட்டால்தான் அது 'ஆனால்' ஆகிவிடும்!

'நாதா' என்று ஒரு சொல். ஒன்றுமில்லை என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர் படித்தால் 'நாடா' என்பார். நம் பிள்ளை நாக்கில் 'அது' என்கிறபோது வருகிற மெல்லிய த இருக்கிறதே, அதுதான் அந்த ஒலி. பாடுபட வேண்டாம், தானாக வரும். ஸ்ரீரங்கத்தில் நின்று 'நாதா' என்று கூப்பிட்டால் எல்லாமே கிடைக்கும். மாட்ரிட்டில் நின்று 'நாதா' என்றால் ஒன்றுமே இல்லை! (கைதட்டல்)

நடுவர் மணியை எடுக்கிறார். ஐயா, இலக்கணத்தில் இன்னும் ஒன்றே ஒன்று. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

'வேயோ லா காசா' என்றால் வீடு பார்க்கிறேன். 'வேயோ ஆ மி பாத்ரே' என்றால் என் அப்பாவைப் பார்க்கிறேன். வீட்டுக்கு 'ஆ' இல்லை. அப்பாவுக்கு 'ஆ' இருக்கிறது. ஏன்? அப்பா மனிதர். மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் 'ஆ' போட வேண்டும். நம்மிடம் வாருங்கள். 'வீடு பார்த்தேன்' சரி. 'அப்பா பார்த்தேன்' என்று சொல்லலாமா? அப்பாவைப் பார்த்தேன் என்று 'ஐ' போட்டே ஆக வேண்டும். உயர்திணை! உயர்திணை, அஃறிணை என்ற பெயர் ஸ்பெயினில் யாருக்கும் தெரியாது. ஆனால் மரியாதை தெரிகிறது.

இதோடு நிற்கவில்லை. நாம் 'பொண்ணு பார்க்கப் போறோம்' என்கிறோமே, அங்கே ஏன் 'ஐ' இல்லை? எந்தப் பெண் என்று இன்னும் முடிவாகவில்லை. நிச்சயமான பிறகு 'பொண்ணைப் பார்த்தேன்' என்கிறான் மாப்பிள்ளை. ஸ்பானிஷிலும் இதே நுட்பம். ஒரு சமையல்காரர் தேடுகிறேன், யாராக இருந்தாலும் சரி என்றால் 'ஆ' கிடையாது. என் சமையல்காரரைத் தேடுகிறேன் என்றால் 'ஆ' வந்துவிடும்.

இதை ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் நோட்டின் ஓரத்தில், பென்சிலில், 'உயர்திணை மாதிரி?' என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கிறாள். தமிழை விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேனே, தமிழைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறாள்!

எல்லாமே சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். கஷ்டமும் இருக்கிறது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்கக் கூடாது, மனப்பாடம் செய்ய வேண்டும். நமக்கு மேசை அஃறிணை, வேலை முடிந்தது. இறந்தகாலம் ஒன்றல்ல; நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு ஒன்று. ஆசை, ஐயம், வேண்டுகோள் என்றால் வினையின் உருவமே மாறும். இரண்டாவது வருஷத்தில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சொற்கள் விஷயத்தில் ஒரு செய்தி. 'மேசா' என்றால் மேசை. 'அர்மாரியோ' என்றால் அலமாரி. 'தோஆயா' என்றால் துவாலை. என்ன இது, நம் வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே இருக்கிறது? போர்ச்சுகீசியர் வந்தபோது விட்டுப் போன சொற்கள் இவை. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. நாமும் சும்மா வாங்கவில்லை, கொடுத்திருக்கிறோம். மாங்காய் போய் 'மாங்கோ' ஆயிற்று. ஆரஞ்சுப் பழத்துக்கு 'நரன்ஹா' என்பார்கள். சமஸ்கிருதம், பாரசீகம், அரபி வழியாகப் போன சொல். ஆதி மூலம் திராவிடமாக இருக்கலாம் என்கிறார்கள். நம் நாரத்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு 'அறோஸ்'. அரிசிதான் அறோஸ் ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. மேடைக்காரனாக இருந்தால் இந்த இடத்தில் அடித்துப் பேசிக் கைதட்டல் வாங்கிவிடலாம். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கித் தொலைத்துவிட்டேன், அடக்கித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சிக்கும் ஸ்பெயினுக்கும் சம்பந்தமே இல்லையே என்கிறீர்களா? தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் புனித வளனார் கல்லூரி நிற்கிறதே, 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. நடத்துகிறவர்கள் சேசு சபையார். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுக்காரர். அவருடைய தோழர் சவேரியார் நவார் நாட்டில் பிறந்தவர்; அதுவும் இன்றைக்கு ஸ்பெயின்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொன்னார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் நமக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சியில் இருந்து தேம்பாவணி பாடினார். வேற்று மொழிக்காரர் நம் மொழியை இந்த அளவுக்குப் படிக்கலாம், நம் பெண் அவர்கள் மொழியைப் படிக்கக் கூடாதா?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இரண்டு மொழி புதிதா என்ன? தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில் திவ்யப் பிரபந்தத்துக்கு உரை எழுதிய ஊர் அல்லவா இது? பெருமாளே துலுக்க நாச்சியாருக்காக ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிற ஊர் இது.

இதையெல்லாம் பேசி முடித்தேன். கடைக்காரர் மசியவில்லை. "ஐயா, எல்லாம் அழகா இருக்கு. சோறு?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஆகவே இனிமேல் கணக்கு பேசுகிறேன், கவனமாகக் கேளுங்கள்.

ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 50 கோடிப் பேர். சீனத்துக்கு அடுத்தது அதுதான். சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் 6 மொழிகளில் ஒன்று. டி.சி.எஸ். நிறுவனம் 2002லேயே உருகுவே நாட்டில் மான்டெவிடியோவில் போய் மையம் போட்டது. சென்னையில் இருக்கிற ராயல் என்ஃபீல்டு 2020இல் அர்ஜென்டினாவில் வண்டி பூட்ட ஆரம்பித்தது. இங்கே இருக்கிறவர்களும் அங்கே இருக்கிறவர்களும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ஆள் வேண்டுமா, வேண்டாமா? மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை, சுற்றுலா, அயல்நாட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கிற கம்பெனி வேலை, இப்படிப் பல வாசல்.

ஆனால் வாசல் திறப்பது யாருக்கு? ஐரோப்பிய முறையில் மொழிப் பயிற்சிக்கு ஆறு படி. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 என்றால் பெயர், ஊர் சொல்லித் தண்ணீர் கேட்கலாம். நம் பெண் கடையில் நின்றது அந்த வாசற்படி. 'ஆறே மாதத்தில் ஸ்பானிஷ்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் உங்களை இரண்டாவது படியில் உட்கார்த்திவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார்கள். பி2-வுக்குக் கீழே இருந்தால் கம்பெனிக்காரன் மதிக்கமாட்டான் என்பது என் அபிப்பிராயம். ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துகிற 'டெலே' என்ற தேர்வு இருக்கிறது. டெல்லியில் அவர்களுக்கு மையம் உண்டு. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

அப்படியானால் பி.காம். படித்துக்கொண்டே பக்கத்தில் ஸ்பானிஷ் படித்தால் போதாதா? போதும். பல பேருக்கு அதுதான் நல்லது. கணக்கு தெரிந்து ஸ்பானிஷும் தெரிந்தவன் விலைபோவான். இதை நானே அந்த வீட்டில் சொன்னேன். ஆனால் பட்டப்படிப்பு வேறு. அங்கே முதல் வருஷம் எழுத்திலிருந்து ஆரம்பித்து, அப்புறம் ஸ்பெயின் வரலாறு, தென் அமெரிக்க வரலாறு, இலக்கியம், மொழிபெயர்ப்பு என்று போகும். துணைப்பாடமாகப் படித்தவன் பேசுவான். பட்டமாகப் படித்தவன் அந்த மக்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்லுவான். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது, 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். முன்கூட்டியே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹைதராபாதில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1958இல் ஆங்கிலத்துக்கு மட்டும் தொடங்கிய நிறுவனம், 2007இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இரண்டும் அரசுடையது, தனியார் கல்லூரிச் செலவு ஆகாது. அந்தப் பெண் இவ்வளவையும் விசாரித்து வைத்திருந்தாள்.

இலக்கியம் சோறு போடுமா என்று தம்பி முனகுவது கேட்கிறது. ஆக்டேவியோ பாஸ் என்று மெக்சிகோ கவிஞர். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தூதர். மதுரையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1990இல் நோபல் பரிசு. நம் மதுரையைப் பற்றி அவர் ஸ்பானிஷில் எழுதியதை நாம் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் படிக்கிறோம். மார்க்வெஸ் கதையும் தமிழுக்குப் பெரும்பாலும் அதே சுற்றுவழியில்தான் வருகிறது. நேர் வழி போட நம் ஊரில் ஒரு பெண் கிளம்பினால், தமிழ் வாத்தியார் நான் தடுக்கலாமா?

ஆனாலும் முடிவு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரே மகள். ஹைதராபாத். அப்பா கடையை விட்டு நகர முடியாது. நாளைக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் அவர்கள் என் வீட்டு வாசலுக்குத்தானே வருவார்கள்?

அப்போதுதான் என் மனைவி காபி கொண்டு வந்தவள், தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம பையன் விஷயத்தையும் சொல்லுங்க."

என் மகன் வரலாறு படிக்க ஆசைப்பட்டான். கல்லணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். நான்தான் இன்ஜினியரிங்கில் சேர்த்தேன். இன்றைக்கு நல்ல சம்பளம், சொந்த வீடு, கார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தீபாவளிக்கு வந்தபோது அவனுடைய பழைய வரலாற்றுப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். "அத எடைக்குப் போட்டுருங்கப்பா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். நடுவர் அவர்களே, எத்தனையோ மேடையில் எதிரணி என்னை மடக்கியிருக்கிறது. அதைப் போல ஒரு தடவையும் நான் வாயடைத்துப் போனதில்லை.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பேசவில்லை. அதுவரை வாயே திறக்காத அந்தத் தாய் கேட்டார், மகளைப் பார்த்து: "ஹைதராபாத்ல தயிர் சாதம் கிடைக்குமாடி?"

"கிடைக்கும்மா."

"அப்ப போகட்டுங்க" என்றார் கணவரிடம்.

பெண் போய்ச் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் ஒரு தாளில் கஷ்டப்பட்டாள். வட இந்தியப் பிள்ளைகள் சிலர் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்தவர்கள். அப்பா ஒரு மாதம் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். இரண்டாவது வருஷம் ஒரு ராத்திரி போன் செய்தாள். "ஐயா, இன்னிக்கு வகுப்புல அந்த 'ஆ' பாடம் வந்துச்சு. எல்லாரும் முழிச்சாங்க. எப்படி உனக்கு மட்டும் தப்பில்லாம வருதுன்னு மேடம் கேட்டாங்க. போர்டுல போய் உயர்திணை, அஃறிணைன்னு எழுதிக் காட்டினேன் ஐயா. தமிழ்லயே எழுதினேன்."

அவள் இன்னும் படித்து முடிக்கவில்லை. வேலை இனிமேல்தான். அதனால் கடைக்காரரின் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் உளுந்து வாங்கப் போனேன். விலை என்ன என்றேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கறோ ஐயா" என்றார்.

"தம்பி, அது கார். விலை அதிகம்னா சின்ன ர" என்றேன்.

"அவளும் போன்ல இதையேதான் திருத்துறா" என்று சொல்லிக்கொண்டே உளுந்தை நிறுத்தார்.

மணி அடித்துவிட்டது. உட்காருகிறேன். வணக்கம். (கைதட்டல்)